பாட்டுப் புத்தகத்தில் எஞ்சும் ரசிகர்

திரைப்படத்தின்மீது தீராத பற்றுக்கொண்டிருந்த ஒருவர் மறைந்தபின், அவரை நினைத்துப் பார்க்க விரும்பும் குடும்பத்தாருக்கு, சுவரில் மாலையிட்ட நிழற்படத்தைக் காட்டிலும் அவர் திரும்பத் திரும்பப் பார்த்த படமே நெருங்கிய துணையாகிறது. அந்தப் படத்தின் பிரதி எங்கேனும் பிழைத்திருந்தால்தான் அதுவும் கைகூடும்.

1953இல் ஆந்திர மாநிலம் உருவாகும்வரை சென்னையோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்த சித்தூர், திருப்பதி வட்டாரத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடுகளின் முதிய ரசிகர்கள் சொந்த மனிதராகக் கருதிய நடிகர் சித்தூர் நாகையா. 1904இல் குண்டூர் வட்டாரத்து ரேபல்லெயில் பிறந்தவராயினும், சித்தூரின் நாடக மேடை தந்த புகழால் அவ்வூர்ப் பெயரையே முன்னொட்டாகப் பெற்ற அவர், ‘அசோக்குமார்’ (1941) படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் குணாளனுக்குத் தந்தையான அசோகராகவும், ‘மீரா’வில் (1945) எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவரான ராணாவாகவும் நடித்ததோடு, ‘தியாகய்யா’வைத் (1946) தாமே இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். 1965இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், ஈட்டியதையெல்லாம் பிறர்க்கு வாரி வழங்கி, 1973இல் வறுமையில் மறைந்தார்.

அவருடைய முக்கியப் படங்கள் இன்றும் காணக்கிடைப்பது பெரும்பேறு; அவர் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமெனப்படும் ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. 1950களின் தொடக்கம்வரை படச்சுருள்கள் நைட்ரேட் எனும் எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருளால் ஆனவை. அதன்பின் வந்த அசிட்டேட் சுருள்களோ வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் ஊர்க் கிடங்குகளில் புளித்த நெடி வீசிச் சுருங்கி அழிபவை. இவை போதாவென்று, அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக மனிதரே உருக்கிய சுருள்களும் உண்டு. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல்தான் தோன்றியது என்பதை எண்ணும்போது, அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் நேர்ந்த இழப்பின் ஆழம் நெஞ்சைச் சுடுகிறது. இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்பாரும் உளர். தேய்ந்த நகலின் நகலாக, காட்சிகள் வெட்டுண்டு அங்கே கிடைக்கும் படம், அந்த ரசிகர் கொட்டகையில் கண்ட படமாகாது.

படம் அழிந்த இடத்தில் எஞ்சுவது பாட்டுப் புத்தகமே. கொட்டகைகளில் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட இச்சிறு வெளியீடு, கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல் வரிகள் ஆகியவற்றைத் தாங்கியிருப்பதால், மறைந்துபோன படங்களுக்குப் பல வேளைகளில் அதுவே முதன்மைச் சான்றாகிறது. ஆனால் பெரியவர் கண்மூடியதும் வீட்டார் பழைய காகிதக் கடைக்கு முதலில் எடைபோடுவதும் அதைத்தான். 1954 முதல் இயங்கும் திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் போன்றதொரு நிறுவனம், இருமொழிப் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் வீடுவீடாகக் கேட்டுப் பெற்று, அவற்றை யார் சேர்த்தார், எந்தக் கொட்டகையில் எந்தப் படத்தைப் பார்த்தார் என்னும் குறிப்போடு காக்கத் தொடங்குமானால், அந்த ரசிகரின் பெயரும் திரை வரலாற்றின் ஏட்டில் ஏறும். அக்குறிப்பைச் சொல்லக்கூடிய மூத்தோர் இன்னும் சிலர் சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிறார்கள்.