ஸ்கேன் அறைக்குப் போகும் வழி

தோட்டத்திலிருந்து தொழிலுக்கு – 12

எக்ஸ்ரே வேலையைப் பற்றிப் போன வாரம் எழுதியதும், ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துப் பெற்றோர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “ஸ்கேன் எடுக்கிற வேலைக்குப் பிள்ளையை எங்கே படிக்க வைக்கிறது?” இந்த வாரம் முழுக்க அதற்குத்தான்.

எஸ்.பி.எம். முடித்த கையோடு அல்ட்ராசவுண்ட் மட்டும் படித்துவிட்டு வேலைக்குப் போவது மலேசியாவில் வழக்கமான பாதை இல்லை. முதலில் மருத்துவப் படவியல் படித்து ரேடியோகிராபர் ஆக வேண்டும். நம் ஆட்கள் ‘ஜூரு எக்ஸ்ரே’ என்பார்களே, அவர்தான். டிப்ளமோ என்றால் 3 ஆண்டு, பட்டப்படிப்பு என்றால் 4 ஆண்டு. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே அல்ட்ராசவுண்டில் மேற்பயிற்சி. ஸ்கேன் எடுப்பது இவர். படத்தைப் பார்த்து அறிக்கையில் கையெழுத்திடுவது கதிரியல் மருத்துவர். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் சோனோகிராபர் என்பது தனித் தொழில். தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், அங்கே கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பவர் தகுதி பெற்ற டாக்டராகவே இருக்க வேண்டும். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம்.

தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் ஒருவரே எல்லாமுமாக இருந்த காலத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்குக் கலக்கு மருந்து, பிரசவ வலி என்றால் நடுச்சாமத்தில் லயத்துக்கு ஓட்டம். அந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. சோனோகிராபருக்கு அப்படி இன்னும் வரவில்லை. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 23 தொழில்களைப் பட்டியலிட்டிருக்கிறது. ரேடியோகிராபர் அதில் உண்டு; சோனோகிராபர் என்று தனி இடம் இல்லை. எக்ஸ்ரே கருவியை 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலி. அதனால் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் அது வருவதில்லை.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் செய்யாத கருவி என்பதால், அதைக் கையாள்வதும் சுலபம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. வார இறுதியில் வந்து போனால் போதும், சான்றிதழ் தருகிறோம் என்கிற விளம்பரங்கள் இந்த எண்ணத்தில்தான் பிழைக்கின்றன. என்னைக் கேட்டால், மருத்துவப் படங்களிலேயே எடுப்பவரின் கையை அதிகம் நம்பியிருப்பது அல்ட்ராசவுண்ட்தான். எக்ஸ்ரே படம் சரியில்லை என்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும், மறுபடி எடுக்கலாம். ஸ்கேனில் கை போகாத இடம் படத்திலேயே வராது. அங்கே கட்டி இருந்ததா இல்லையா என்று பிறகு வேறு யாராலும் சொல்ல முடியாது.

பித்தப்பை ஸ்கேன் ஒன்றைப் பார்ப்போம். வலது விலாவுக்குக் கீழே ஜெல் தடவுகிறார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவே துளிக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும், அதற்குத்தான் ஜெல். கையில் பிடிக்கும் ப்ரோப் அனுப்பும் ஒலி, சதைக்குள் விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பி வர ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு. இந்த நேரக் கணக்கை வைத்துத்தான் இயந்திரம் படம் போடுகிறது. “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா” என்று சொன்னதும் கல்லீரல் கீழே இறங்குகிறது, விலா எலும்பின் மறைவிலிருந்து பித்தப்பை வெளியே வருகிறது. உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி. அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழுந்தால் கல்லாக இருக்கலாம். இத்தோடு விடுவதில்லை. இடப்பக்கமாகப் புரண்டு படுக்கச் சொல்கிறார்கள். கல் என்றால் உருளும். பித்தப்பைச் சுவரில் வளர்ந்த சதை என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். நோயாளியைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதும், ப்ரோபை அரை விரல் அளவு சாய்த்து மறைந்த மூலையைத் தேடுவதும் பக்கத்தில் ஒருவர் நின்று கையைத் திருத்தித் திருத்தி வருவது.

நம் பிள்ளைகளிடம் இதை விளக்கும்போது நான் பால்மரத்தைத்தான் சொல்வேன். பட்டைக்குள் இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொட்டால் மரத்துக்குக் காயம். மேலோடு சீவினால் பால் வராது. வளர்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பே வெட்டு நிற்க வேண்டும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் அந்த ஆழத்தைக் கையாலேயே அறிந்தவர்கள் உங்கள் பாட்டிமார்.

ஸ்கேன் தொழிலே தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். கிளாஸ்கோவில் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், கொதிகலன்களின் உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1955-இல் அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் ஆலைக்கே போய்விட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்துக்கொண்டார்கள். கட்டிக்கு ஒரு வகை எதிரொலி, நீர்க்கட்டிக்கு வேறு வகை. 1958-இல் அவரும் மெக்விகாரும் பிரௌனும் எழுதிய கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது. செம்பனை ஆலையில் கொதிகலன் சோதிப்பவரை அப்பாவுக்குத் தெரியும் என்றால், பிள்ளையை ஒருநாள் அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அதே பௌதிகம்தான்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கும் கோலப்பிலா, போர்ட்டிக்சன் மருத்துவமனைகளுக்கும் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களின் சிரமத்தையும் நினைத்துப் பாருங்கள். அடிவயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். விடிகாலையில் தண்ணீர் குடித்து, பஸ் மாறி வரும் பாட்டி, அடக்க முடியாமல் பஸ் நிலையத்திலேயே போய்விடுவார். பித்தப்பைக்குப் பட்டினியாக வர வேண்டும். “ஒண்ணும் சாப்பிடல, பால் தேத்தண்ணி மட்டும்தான்” என்பார் இன்னொருவர். பாலில் உள்ள கொழுப்பு போதும், பித்தப்பை சுருங்கிவிடும். நாள் சம்பளத்தை விட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மலாயில் அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பியது போதவில்லை. இந்த வேலைக்குத் தமிழ் பேசும் பிள்ளைகள் அதிகம் வர வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் 31.4. அந்த நோய் சிறுநீரகத்துக்குப் போகும்போது முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்று ஸ்கேன். நம் சனங்கள் அந்தக் கட்டிலில் படுப்பது குறையப் போவதில்லை.

எங்கே சேர்வது? சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. பட்டத்துக்குத் தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்., கிளந்தானில் யு.எஸ்.எம். தனியார் என்றால் நம் மாநிலத்திலேயே நீலாயில் கே.பி.ஜே. பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியார் படிப்பு பெரும்பாலும் பி.டி.பி.டி.என். கடனில்தான் நடக்கும். ஆகவே பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? முடித்தவர் சட்டம் 774-இன் கீழ்ப் பதிவு பெற முடியுமா? செயல்முறைப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம்? மூன்றாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான, அலுப்பில்லாத வேலை என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். கையை நீட்டி அழுத்திப் பிடித்தபடி நாள் முழுக்க நிற்பதால், தோள்வலி இல்லாத சோனோகிராபரைப் பார்ப்பதே அரிது. கட்டிலை உயர்த்து, நோயாளியை உன் பக்கம் நகரச் சொல், முழங்கையை உடம்போடு வை என்று முதல் வாரத்திலிருந்தே சொல்லித் தருகிற ஆசிரியர் கிடைக்க வேண்டும்.

எஸ்.பி.எம்.மில் பொதுவாக 5 கிரெடிட் கேட்பார்கள், கணிதமும் அறிவியலும் அதில் இருக்க வேண்டும். பௌதிகம் படித்திருந்தால் முதல் ஆண்டிலேயே தெரியும் வித்தியாசம். நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்கள் என்று முடிவாகும்போது, தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு யாரும் எதுவும் கேட்காமலே அறிவியல் கை நழுவிவிடுகிறது. மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கிற வீட்டார், ஆண்டு முடிவதற்குள் வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, அறிவியல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)