காலை எடுத்தால் கார் அடங்குமா?

கோவையில் எஸ். கரிவர்தன் (மறைவு 1995) மாருதி 800 எஞ்சினைப் பூட்டிப் பந்தயக் கார்கள் கட்டினார். நீங்களும் கார் கட்டினால், ஆக்ஸிலரேட்டர் மிதியைக் கார்புரேட்டரின் திராட்டில் தகட்டுடன் நீங்களே இணைக்க வேண்டும். விறைப்பான தண்டு வைத்தால், ரப்பர் மேல் ஆடும் எஞ்சினே தகட்டைத் திறந்துவிடக் கூடும். உறையிட்ட கேபிள் வளைந்து கொடுக்கும்.

தகட்டின் கப்பி ஆரம் 30 மி.மீ.; 80 பாகை திரும்ப, கேபிள் சுமார் 42 மி.மீ. நகர வேண்டும். மிதியின் நெம்புகோல் விகிதம் 2:1 எனில் பாதம் 84 மி.மீ. நகரும். அத்துடன் மிதி நிற்க ஒரு தடுப்பு வையுங்கள். இல்லையேல் காலின் விசை முழுவதும் கேபிளை இழுக்கும்.

தகட்டை மூட இரண்டு சுருள்வில்கள் தேவை. ஒன்று முறிந்தாலும் மற்றது மூடும். எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதை நிறைய மக்கள் நடக்கிறார்கள். அத்தகைய ஊரில் ஓடப்போகும் காருக்கு இரண்டாவது வில் ஆடம்பரமா, சொல்லுங்கள்!