தவில் கற்ற டிரம்மர்: சென்னையிலிருந்து கொலோன் வரை ஒரு தாளப் பயணம்

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் எங்கள் எதிர் பிளாக்கில், இரண்டாம் மாடியில் ஒரு பையன் இருக்கிறான். பிளஸ் டூ படிக்கிறான். எட்டாம் வகுப்பு வரை மிருதங்கம் கற்றுக்கொண்டான். ஆதி தாளத்தில் சின்னதாக ஒரு தனி வாசிக்கிற அளவுக்கு வந்தபிறகு திடீரென்று நிறுத்திவிட்டான். இப்போது டிரம்ஸ். சாயங்காலம் ஆறு மணியானால் ஆரம்பித்துவிடுவான். சிம்பல் மேல் துண்டைப் போட்டுத்தான் அடிக்கிறான். ஆனாலும் எங்கள் பால்கனியில் காய வைத்திருக்கும் வடாம் தட்டு அதிர்கிறது என்பது என் மனைவியின் கட்சி.

போன வருஷம் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த அவனுடைய அம்மா, என்னிடம் தனியாகச் சொன்னார்: "மாமா, நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். இஞ்சினீயரிங் வேண்டாம், ஜாஸ் டிரம்மர் ஆகப்போறேன்னு நிக்கறான். இவர் அவனோட பேசியே ரெண்டு மாசமாச்சு. மிருதங்கமாவது இருந்தா சபான்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

நான் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். இளமையில் கரோல் பாகில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றதைத் தவிர இசையில் எனக்கு வேறு தகுதி கிடையாது. எடுத்துச் சொல்வதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோமே என்று தேடிப் படித்தேன், நிறையக் கேட்டேன். அப்படிக் கிடைத்த ஒருவருடைய கதையைத்தான் இந்த மலரில் பகிர்ந்துகொள்கிறேன். அவர் பெயர் ரமேஷ் ஷோத்தம்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், ஜாஸில் டிரம்மருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். நம்மில் பலருக்கு டிரம்ஸ் என்றால் கல்யாண ரிசப்ஷன் லைட் மியூசிக்தான். அங்கே டிரம்மர் பாட்டுக்கு முட்டுக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஜாஸ் வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவான இசை அது. ஊர்வல பாண்டு வாத்தியத்தில் மூன்று பேர் தனித்தனியே சுமந்து அடித்த பெரிய முரசு, சிறு முரசு, ஜால்ரா ஆகியவற்றை ஒரே ஆள் உட்கார்ந்து கையாலும் காலாலும் வாசிக்கும்படி சேர்த்ததுதான் டிரம் செட். காலால் அடிக்கும் பெடல் 1909-ல் லட்விக் கம்பெனி வழியாகப் பரவலாயிற்று. முதலில் கால் முரசில்தான் தாளம் நடந்தது. 1940-ஐ ஒட்டி கென்னி கிளார்க் என்பவர் அந்தக் காலப்பிரமாணத்தை வலக்கைப் பக்கத்துப் பெரிய சிம்பலுக்கு மாற்றினார். கால் முரசும் இடக்கையும் விடுதலை பெற்றன. பாடுகிறவருக்கு, ஊதுகிறவருக்கு இடையிடையே பதில் சொல்ல அவை வந்துவிட்டன.

நம் வீட்டு மொழியில் சொன்னால், அந்தச் சிம்பலில் நடப்பது சர்வலகு. மிருதங்கக்காரர் கீர்த்தனைக்கு அடியில் ஓட்டிக்கொண்டே இருக்கிறாரே, அதே வேலை. ஒரே வித்தியாசம், நாலு என்று எண்ணினாலும் உள்ளுக்குள் திஸ்ரம் ஓடும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் மூன்றாகப் பிளந்து, நடுவில் உள்ளதை விழுங்கிவிட்டு வாசிப்பதால்தான் அந்த ஊஞ்சல் நடை வருகிறது. 'ஸ்விங்' என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். தனி ஆவர்த்தனம் அங்கேயும் உண்டு. மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்துக் குறைத்துக்கொண்டே வருவதுபோல, சாக்ஸபோன்காரரும் டிரம்மரும் நாலு நாலு பாராக மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் கச்சேரியில் தனி நடக்கும்போது பாடகர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். முதல் வரிசை ரசிகர்களும் போடுவார்கள். சமம் எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். ஜாஸில் யாரும் தாளம் போடுவதில்லை. பன்னிரண்டு பார், முப்பத்திரண்டு பார் என்று பாட்டின் சுற்று எல்லார் மனசுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கையால் காட்டாமல் மனசில் எண்ணும் இந்தப் பழக்கம்தான் ஜாஸ் டிரம்மரின் முதல் பாடம். செட் வாங்குவது அப்புறம்.

ஷோத்தம் 1948-ல் சென்னையில் பிறந்தவர். அவர் முதலில் எடுத்தது தவிலும் அல்ல, மிருதங்கமும் அல்ல, டிரம்ஸ். அதையும் ஆசிரியர் இல்லாமல் தானே கற்றார். எழுபதுகளில் தம் சகோதரர் சுரேஷ் கிட்டார் வாசிக்க 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவில் இருந்தார். பின்னாளில் ஜாஸ் பாடகியாகப் பெயர் பெற்ற ராதா தாமஸ் அதில் பாடினார். அந்தக் காலத்தில் இந்தியாவில் இப்படி ஒரு குழு ராக் இசையையே தொழிலாக வைத்துப் பிழைப்பது அபூர்வம். நட்சத்திர ஹோட்டல் உணவகங்களும் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களும்தான் மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்குச் சோறு போட்டன.

அதன்பிறகு அவர் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெங்களூரில் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷன் என்ற பள்ளிக்குப் போய்த் தவில் கற்க ஆரம்பித்தார். ஊர் ஊராக மேடையேறிக் கைதட்டல் வாங்கின ஒரு டிரம்மர், மறுபடியும் மாணவனாக உட்கார்ந்து 'தகதிமி' சொல்கிறார்!

தவில் எவ்வளவு கடினம் என்பது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலா மரத்தைக் குடைந்த உடல். ஒரு பக்கம் கழியால் அடிக்க வேண்டும். மறுபக்கம் விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். திறந்த வெளியில், சுவாமி புறப்பாட்டில், மைக் இல்லாமல் வீதிக்கோடிக்குக் கேட்க வேண்டிய வாத்தியம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி போன்ற மேதைகள் குழந்தைப் பருவத்திலேயே அதில் ஊறியவர்கள். டிரம்ஸ் அடித்த கைக்குக் கழி புதிதல்ல. மணிக்கட்டு ஏற்கெனவே தயாராக இருக்கும். கூடு மாட்டிய விரல்தான் புது உலகம்.

இன்னொன்று உண்டு. நம் முறையில் எதையும் முதலில் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வராதது கையில் வராது என்பது வாத்தியார்களின் சட்டம். தகிட மூன்று, தகதிமி நாலு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. இந்தச் சின்னச் சொற்களைக் கோத்து எவ்வளவு பெரிய கணக்கையும் கட்டலாம். காகிதமே வேண்டாம். காதால் மட்டும் கற்ற ஒரு டிரம்மருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு உலகங்களும் சந்தித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். 1958-ல் டேவ் புரூபெக் குழு இந்தியா வந்தபோது, அதன் டிரம்மர் ஜோ மொரெல்லோ சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து உடன் வாசித்தார். பிள்ளையவர்கள் இடக்கைப் பழக்கமுள்ள பெரிய வித்வான் என்பது ரசிகர்கள் அறிந்ததே. மறுவருஷம் அந்தக் குழு வெளியிட்ட இசைத்தட்டில் இரண்டு உருப்படிகளை நம் வீட்டுக் குழந்தைகள்கூடச் சொல்லிப் பார்க்கலாம். 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. 'தகிட தக' என்று மூன்றும் இரண்டுமாகப் போகும். நம் கண்டசாபு 'தக தகிட', அதைத் திருப்பிப் போட்டதுதான். 'புளூ ரோண்டோ' ஒன்பது. 'தக தக தக தகிட' என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, நாலாவது தரம் 'தகிட தகிட தகிட'. இந்த ஒன்பதை அவர்கள் பிடித்தது துருக்கித் தெருவில், சென்னையில் அல்ல. பெருமைக்காக எல்லாவற்றையும் நம்முடையது என்று சொல்லிவிடக் கூடாது. தில்லிக்கும் ஒரு பங்கு உண்டு. 1963-ல் டியூக் எல்லிங்டன் தம் பெரிய குழுவோடு இங்கே வந்தபோது உடம்புக்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்!

எழுபதுகளின் இறுதியில் இந்தப் போக்குவரத்து அதிகமாயிற்று. 1978-ல் பம்பாயில் 'ஜாஸ் யாத்ரா' விழா தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து 'எம்ப்ரியோ' என்ற குழு பஸ்ஸிலேயே தரைவழியாக இந்தியா வந்து, பெங்களூர்ப் பள்ளிக்காரர்களோடு வாசித்தது. அமெரிக்க சாக்ஸபோன் மேதை சார்லி மரியானோ மலேசியாவில் இருந்த காலத்தில் நாகஸ்வரத்தில் மனம் பறிகொடுத்து, அதைக் கற்கவே தென்னிந்தியா வந்தவர். அவரும் அதே பள்ளியோடு சேர்ந்தார். 1983-ல் மணி, அவர் மனைவி ஆர்.ஏ. ரமாமணி முதலானோருடன் அவர் பதிவு செய்த 'ஜ்யோதி' பிரசித்தம். இந்த வாசல் வழியாகத்தான் ஷோத்தம் ஐரோப்பா போய், ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் குடியேறினார். எம்ப்ரியோவுடனும் மரியானோவுடனும் வாசித்தார். தமக்கென்று ஒரு குழு அமைத்தபோது 'மெட்ராஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார். அயல்நாட்டில் நாற்பது வருஷம் இருந்தாலும் ஊர்ப் பெயரைச் சுமக்கிற சுபாவம் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

அவர் வாசிப்பைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, லெபனானில் பிறந்த ஊது கலைஞர் ரபீ அபூ-கலீல் 1992-ல் வெளியிட்ட 'புளூ கேமல்'. ஊது என்பது அராபிய நரம்பு வாத்தியம். ஊதுகிற வாத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் மரியானோவின் சாக்ஸபோன், கென்னி வீலரின் டிரம்பெட், ஸ்டீவ் ஸ்வாலோவின் பேஸ் எல்லாம் உண்டு. டிரம் செட் மட்டும் கிடையாது. அதன் இடத்தில் மூன்று தாளக்காரர்கள்: நபீல் கையாத் அராபிய வட்டப் பறையில், மில்டன் கார்டோனா காங்கோவில், ஷோத்தம் தென்னிந்தியத் தாள வாத்தியங்களில். கேட்கிறபோது கவனியுங்கள், யாரும் யார்மேலும் ஏறுவதில்லை. கணக்கு வழக்கைக் காட்டி ஆளை மிரட்டுவதும் இல்லை. கச்சேரியில் தனிக்கு என்று ஒதுக்கின இடத்தில் மட்டும் பேசுகிற தாளம், இங்கே ஆரம்பத்திலிருந்தே உரையாடலில் இருக்கிறது.

நேர் எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. திரிலோக் குர்டு 1951-ல் பம்பாயில், தும்ரி பாடகி ஷோபா குர்டுவின் மகனாகப் பிறந்தவர். வீட்டிலேயே தபலா. பிறகு டிரம்ஸைத் தரையில் உட்கார்ந்தபடி வாசிக்கிற மாதிரி தமக்கென்றே மாற்றிக்கொண்டார். 1984-ல் காலின் வால்காட் விபத்தில் இறந்தபின் 'ஆரெகான்' குழுவில் அவர் இடத்துக்கு வந்தார். அப்புறம் ஜான் மெக்லாலினோடு உலகம் சுற்றினார். 1988-ல் வந்த அவருடைய 'உஸ்ஃப்ரெட்' தட்டில் அம்மாவும் பாடியிருக்கிறார். நம் சிவமணியோ சினிமா ஒலிப்பதிவுக் கூடத்து வாரிசு, தந்தை எஸ்.எம். ஆனந்தனும் தாளக்காரர். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்கள் இருவருக்கும் வீட்டில் தாளம் இருந்தது. ஷோத்தம் தாமே தேடிப் போய்க் கற்றவர். அதனால் எங்கள் எதிர் பிளாக்குக்கு அவர் கதைதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

பாதகத்தையும் சொல்ல வேண்டும். வளர்ந்த வயதில் தவிலைத் தொட்டவர் கோயில் புறப்பாட்டில் ராத்திரி முழுக்க வாசிக்கிற மரபுக்குள் வர முடியாது. பிழைப்பும் இங்கே கிடைக்கவில்லை, கடல் தாண்ட வேண்டியிருந்தது. கொலோனில் வானொலி நிலையமே சம்பளம் கொடுத்து ஒரு ஜாஸ் பெரிய குழுவை வைத்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பையனுக்கு ஆதரவாகப் பேசுவது நியாயமாகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு 'புளூ கேமல்' போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டான். "அங்கிள், இதுல டிரம்ஸே இல்லையே?" என்றான். "இல்லைதான். எத்தனை எண்ணிக்கைன்னு சொல்லு பார்க்கலாம்" என்றேன். விரலை மடக்கி எண்ணினான், தப்பிற்று, மறுபடி எண்ணினான். மூன்றாவது தடவை விரலை விட்டுவிட்டு வாய்க்குள்ளேயே 'தகிட'வும் 'தகதிமி'யும் போட்டுப் பார்த்துச் சரியாகச் சொன்னான். நாலு வருஷம் கற்ற மிருதங்கம் எங்கும் போய்விடவில்லை.

அவன் அப்பாவிடமும் பேசினேன். கல்லூரியில் சேரட்டும், டிரம்ஸும் இருக்கட்டும், கூடவே வாரம் ஒரு நாள் சொற்கட்டுப் பாடம் என்பது வரைக்கும் வந்திருக்கிறார். மூன்றாவதற்கு வாத்தியார் தேடிக்கொண்டிருக்கிறோம். வசுந்தரா என்க்ளேவில் ஒருவர் இருக்கிறாராம், ஆனால் டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்குச் சொல்லித்தர சம்மதிப்பாரோ என்னவோ. மாமி வருகிற வெள்ளிக்கிழமை போய்க் கேட்கப் போகிறார்.