பழைய விளையாட்டுக்கு ஏற்ற மடிக்கணினி

1990-களில் நம் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர் அறைகளில் 'டேஞ்சரஸ் டேவ்', 'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா' என்ற விளையாட்டுகளை ஆடி வளர்ந்த தலைமுறை இப்போது நடுவயதை எட்டியிருக்கிறது; அவர்களில் ஒரு சாரார், அந்த விளையாட்டுகளை மீண்டும் ஆடினால் போதும் என்று நில்லாமல், அவை பிறந்த காலத்து யந்திரத்திலேயே, அந்தக் காலத்துக் கீபோர்டும் திரையும் ஒலியுமாக ஆடவேண்டும் என்று விரும்புகிறார்கள். மேஜைக் கம்ப்யூட்டர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் இவர்களில் பலர் நாடுவது பழைய மடிக்கணினியைத்தான். ஆனால் இருபத்தைந்து முப்பது வருஷம் உழைத்த யந்திரம் என்றைக்காவது ஒரு நாள் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கண் திறக்காமல் கிடக்கும். அப்போது அதன் ஸ்தானத்தில் எதை அமர்த்துவது என்ற கேள்வி எழும்.

இந்த விளையாட்டுகளை ஆடிப் பார்ப்பது மட்டுமே உத்தேசமானால் பழைய யந்திரம் அவசியமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைய 64 பிட் விண்டோஸ், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை என்றாலும், 2002-ல் தோன்றிய 'டாஸ்பாக்ஸ்' என்னும் இலவச மென்பொருள், புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பாவனை செய்து காட்டி அவற்றை ஓட்டிவிடுகிறது. அதில் திருப்தி அடைகிறவர்களுக்குச் செலவும் இல்லை, சிரமமும் இல்லை. அதற்கு மேலும் மெய்யான யந்திரத்தின் ஸ்பரிசத்தை வேண்டுகிறவர்களுக்காகவே இனி எழுதுகிறேன்.

புதிய யந்திரம் வாங்கும்போது அதிக வேகமுள்ளதே உயர்ந்தது என்று எண்ணிப் பழகிய நமக்கு, பழைய விளையாட்டு விஷயத்தில் அந்த அளவுகோல் உதவாது என்பது முதலில் வியப்பாகவே இருக்கும். 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் விளையாட்டு. விநாடிக்கு 35 அடி என்பது அதன் தாளம். யந்திரம் எவ்வளவு வேகமானதாயினும் அது அந்தத் தாளத்தை மீறுவதில்லை. 1990-ல் வந்த 'விங் கமாண்டர்' அப்படியல்ல. பிராசசர் எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவாக அதன் விண்கப்பல்களும் பறக்குமாகையால், பிற்காலத்து யந்திரத்தில் எதிரி கண்ணில் படுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றுக்கு இதைவிட விசித்திரமான ஒரு வியாதி உண்டு. அவை தொடங்கும்போதே, விநாடியில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு நேரத்தில் பிராசசர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்து ஒரு கணக்குப் போடுகின்றன. ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட யந்திரங்களில் விடை தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமற்போகவே, 'ரன்டைம் எர்ரர் 200' என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு நிரல் நின்றுபோகும்.

இக்காரணத்தால்தான், டாஸ் விளையாட்டுகளுக்கு இன்டெல் பென்டியம் அல்லது 1997-ல் மடிக்கணினிகளுக்கு வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் பிராசசர் உள்ள யந்திரமே தகுந்தது என்பது என் அபிப்பிராயம். 'டூம்' அதில் தங்குதடையின்றி ஓடும். 1996-ல் வந்த 'குவேக்' கூட ஓரளவு நன்றாகவே ஓடும். அதே சமயம், பிராசசரின் உள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தைச் சிறியதொரு நிரலால் அணைத்துவிட்டால், யந்திரத்தின் வேகம் பழைய 386 பிராசசரின் வேகத்துக்கு அருகில் இறங்கி, 'விங் கமாண்டர்' போன்றவையும் ஆடத்தக்கவை ஆகிவிடும். மேலேயும் ஏறிக் கீழேயும் இறங்கக்கூடிய இந்தக் குணம் அதற்கு முந்திய யந்திரங்களிலும் பிந்திய யந்திரங்களிலும் இவ்வளவு சௌகரியமாக அமைவதில்லை.

வேகத்தைவிட முக்கியமானது ஒலி. விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான், எல்லாம் சரியாக இருந்தும் யந்திரம் ஊமை என்பது தெரியவருகிறது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையும், அதில் சங்கீதத்தை எழுப்பிய யமஹா சிப்பும் டாஸ் விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுப் பிரமாணமாக அமைந்துவிட்டன. விண்டோஸில் விளையாட்டுக்கும் ஒலிச் சிப்புக்கும் நடுவே டிரைவர் என்ற மத்தியஸ்தர் நின்று பேசுவார். டாஸில் அப்படி யாரும் இல்லை. சவுண்ட் பிளாஸ்டர் 220 என்ற விலாசத்தில் இருக்கும் என்று நம்பி விளையாட்டு நேரே அங்கே போய்க் கதவைத் தட்டுகிறது. அங்கே சிப் இருந்தால் பாட்டு, இல்லாவிட்டால் மௌனம். 1990-களின் மடிக்கணினிகளில் ஐஎஸ்ஏ என்ற பழைய பாதையில் இணைக்கப்பட்ட ஈஎஸ்எஸ் 1688, 1869, யமஹா ஓபிஎல்3-எஸ்ஏ, கிரிஸ்டல் 4237 போன்ற சிப்புகள் அந்த விலாசத்தில் உண்மையாகவே குடியிருந்து பதில் சொல்லக்கூடியவை. பிற்பாடு வந்த பிசிஐ சிப்புகளோ வேறு தெருவில் குடியிருந்துகொண்டு, நினைவகத்தில் ஒரு நிரலைக் காவல் வைத்து, தாம் அங்கே இருப்பதுபோல் பாசாங்கு செய்பவை; டாஸுக்கு உள்ள 640 கிலோபைட்டில் அந்த நிரலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்; அப்படித் தின்ற பிறகும் எல்லா விளையாட்டுகளும் அதை நம்புவதில்லை. 2000-த்துக்குப் பின் பரவிய ஏசி97 ஒலியமைப்பில் பெரும்பாலும் அந்தப் பாசாங்குக்கும் வழியில்லை.

கிரிஸ்டல் சிப்பின் சங்கீதம் என் செவிக்குக் கொஞ்சம் தகரம்போல் ஒலிக்கிறது. யமஹாவும் ஈஎஸ்எஸ்ஸும் இனிமையானவை. சில திங்க்பேட் மடிக்கணினிகளில் ஐ.பி.எம். வைத்த எம்வேவ் என்னும் ஒலியமைப்பு, டாஸில் ஒவ்வொரு முறையும் அதற்கென்று ஒரு நிரலை ஏற்றினால்தான் வாய் திறக்கும். யந்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விளையாட்டுக்கென்று அதைத் தேடிப் போகவேண்டாம்.

ஒலியைப் பரீட்சிக்க நல்ல வழி 'டூம்' விளையாட்டைக் கையோடு கொண்டுபோவதுதான். அதன் அமைப்பு நிரலில் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுத்து, விலாசம் 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1 என்று கொடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் கட்டத்தைத் தொடங்குங்கள். சங்கீதமும் துப்பாக்கிச் சத்தமும் இரண்டும் கேட்கவேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் இன்டரப்டை 7 என்று மாற்றிப் பாருங்கள். ஒலியளவுச் சக்கரத்தை விரலால் உருட்டும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது வெறும் அழுக்கு, துடைத்தால் போய்விடும். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர யந்திரத்தை வேண்டாம் என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது திரை. அக்காலத்தில் டிஎஸ்டிஎன், டிஎப்டி என்று இரு விதத் திரைகள் இருந்தன. டிஎஸ்டிஎன் திரையில் அசையும் உருவத்தின் பின்னால் ஒரு நிழல் இழுபட்டுக்கொண்டே வரும். ஓடி விளையாடும் எந்த விளையாட்டுக்கும் அது லாயக்கில்லை. தோஷிபா மடிக்கணினிகளின் பெயரிலேயே இந்தச் செய்தி பொதிந்திருக்கிறது: மாடல் எண்ணின் ஈற்றில் சிடிடி என்று இருந்தால் டிஎப்டி, சிடிஎஸ் என்று இருந்தால் டிஎஸ்டிஎன்.

திரையின் புள்ளிக் கணக்கும் கவனிக்கத்தக்கது. டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 320-க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. 640-க்கு 480 திரையில் ஒவ்வொரு புள்ளியும் சரியாக இரட்டிப்பாகி, மேலும் கீழும் 40 வரிகள் கறுப்பாக நிற்க, படம் கூர்மையாகத் தெரியும். 800-க்கு 600 திரையில் அதே படத்தை இழுத்து நிரப்பும்போது இரண்டரைப் புள்ளி என்று ஒன்று இல்லாமையால், சில புள்ளிகள் பருத்தும் சில மெலிந்தும் எழுத்துகள் கோணலாகிவிடும். இழுக்காமல் நடுவிலே நிறுத்தினால் படம் சிறுத்துவிடும். ஆகவே, விலையும் மதிப்பும் குறைவென்று பலர் ஒதுக்கும் சின்னத் திரையே டாஸ் விளையாட்டுக்கு உத்தமமானது. பயாஸ் என்ற தொடக்க அமைப்பு நிரலில் படத்தை விரிக்கவும் விரிக்காதிருக்கவும் வசதி இருக்குமானால் 800-க்கு 600 திரையையும் தாராளமாக ஏற்கலாம்.

1997-ன் 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்', 1998-ன் 'ஹாஃப் லைஃப்' போன்ற விண்டோஸ் விளையாட்டுகளில் மனம் உள்ளவர்கள் நாடவேண்டியது வேறு யந்திரம். அவர்களுக்குப் பென்டியம் 3 பிராசசரும், முப்பரிமாணக் காட்சியை வரையவல்ல சிப்பும், விண்டோஸ் 98-ம் வேண்டும். 8 மெகாபைட் எஸ்3 சாவேஜ் சிப்புள்ள ஐ.பி.எம். திங்க்பேட் டி22 இவ்வகையில் ஒரு நல்ல உதாரணம். 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டைக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகளை மட்டும் எந்த மடிக்கணினியிலும் எதிர்பார்க்கவேண்டாம். ஒரே யந்திரத்தில் 1988 முதல் 2001 வரை எல்லாவற்றையும் ஆடிவிடலாம் என்று தேடுகிறவர்கள், ஒலியும் அரைகுறை, காட்சியும் அரைகுறை என்ற ஒன்றைத்தான் அடைவார்கள்.

போன யந்திரத்தின் அதே மாடலைத் தேடுவதா, வேறு மாடலுக்குப் போவதா என்று கேட்டால், பழையது மனத்துக்குப் பிடித்திருந்ததானால் அதே மாடலையே தேடுவது நல்லது என்பேன். சார்ஜர், ரேம், சிடி டிரைவ், ஹார்டு டிஸ்க் தாங்கி எல்லாம் அப்படியே பயன்படும். செத்துப்போன யந்திரமும் குப்பையாகாமல் கீபோர்டும் கீலும் திரையும் தந்துதவும் களஞ்சியமாகிவிடும். வேறு மாடலானால் சார்ஜரில் கவனம் வேண்டும்: பழைய தோஷிபாக்களில் பல 15 வோல்ட், திங்க்பேட்களில் பல 16 வோல்ட், முனை பொருந்துகிறதே என்று எதையும் சொருகிவிடக் கூடாது.

யந்திரத்தைக் கையில் எடுத்ததும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். கீல் இறுகி, அது கடித்திருக்கும் பிளாஸ்டிக் மேலெழும்பினால், சீக்கிரத்தில் உடையும் என்று அர்த்தம். திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். வினிகரின் புளித்த வாடை அடித்தால், திரைமேல் ஒட்டியிருக்கும் போலரைசர் தாளின் செல்லுலோஸ் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. நாளடைவில் திரை கறையும் குமிழியுமாகிவிடும். விளக்கு எரிந்தவுடன் திரை செந்நிறமாகத் தோன்றினால், பின்னாலிருக்கும் குழல்விளக்கு ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. திங்க்பேட் ஆனால் பயாஸுக்குள் நுழைந்து, சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்கவேண்டாம். அது பேட்டரியைக் கழற்றினால் அழிகிற கடவுச்சொல் அல்ல, தனிச் சிப்பில் பதிந்திருப்பது.

ஹார்டு டிஸ்க் கெட்டிருப்பதைக் கண்டு மட்டும் பின்வாங்கவேண்டாம். 44 முனை ஐடிஇ டிஸ்க்கின் இடத்தில், மலிவான ஒரு அடாப்டர் வழியாக, பழைய கேமராக்களில் இருந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் பொருத்திவிடலாம், டாஸ் 6.22-ன் ஒரு பகுதி 2 ஜிகாபைட்டுக்கு மேல் போகாதாகையால் சிறிய கார்டே போதும்.

பழைய மடிக்கணினி வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. உள்ளே கடிகாரத்தையும் நினைவையும் காக்கவென்று நிக்கல் சேர்ந்த ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரி, முக்கியமாகத் தோஷிபாக்களில், தாய்ப்பலகையின் ஓரத்தில் இருக்கும். அது வருஷக்கணக்கில் கசிந்து, பச்சை பூத்து, செப்புக் கோடுகளை அரித்துவிடும். அது இல்லாவிட்டாலும் யந்திரம் ஓடும். தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் ஒவ்வொரு முறையும் கொடுக்கவேண்டியிருக்கும். புதிதாக வாங்கியதோ, அலமாரியில் வெகுநாளாக உறங்குவதோ, எதுவாயினும் இந்த வாரத்திலேயே திறந்து அதை எடுத்துவிடுங்கள்.