பங்கு வியாபாரம் நடந்த இடத்தில் இப்போது டீ மணக்கிறது!

ஒசாகா நகரத்தின் கிதஹாமா, ஜப்பானின் பழைய பணச் சந்தை. 1878-ம் ஆண்டிலேயே இங்கு பங்குச் சந்தை வந்துவிட்டது. இன்று தெருவின் இரு பக்கமும் உயரமான அலுவலகக் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே, நெரிசலான பஸ்ஸில் ஒதுங்கி நிற்கும் பாட்டியைப் போல, ஒரே ஒரு மாடியுடன் ஒரு சின்ன செங்கல் கட்டடம். பெயர், 'கிதஹாமா ரெட்ரோ'.

1912-ம் ஆண்டு, மெய்ஜி பேரரசர் மறைந்த அதே வருடம், பங்குத் தரகர் ஒருவரின் வணிகக் கூடமாக இது கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஒசாகா மீது குண்டுகள் விழுந்தபோதும் தப்பியது. 1997-ம் ஆண்டு முதல் இது இங்கிலாந்து பாணி டீ அறை. கீழே கேக், டீத்தூள் விற்பனை. மாடியில் உட்கார்ந்து சாப்பிடும் இடம்.

ஜன்னலுக்கு வெளியே தோசாபோரி ஆறு. எதிர்க்கரையில் 1891-ல் திறக்கப்பட்ட நகானோஷிமா பூங்கா. மே மாதத்திலும் அக்டோபரிலும் அங்கே ரோஜாக்கள் பூத்துக் குலுங்கும். மேஜையில் ஒரு பானை நிறைய டீ, அடுக்குத் தட்டில் சாண்ட்விச், ஸ்கோன், கேக். அவசரமாக ஓடும் நகரத்தில் இங்கு மட்டும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

இடிக்காமல் விட்டது எப்படி?

மனை விலை எகிறிக் கிடக்கும் இடத்தில், இவ்வளவு சின்ன கட்டடம் பிழைத்திருப்பதே ஆச்சர்யம்தான். 1995-ல் கோபே பகுதியை உலுக்கிய பூகம்பத்தில் பழைய கட்டடங்கள் ஏராளமாக அழிந்தன. எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லாததால், சரிசெய்யக்கூடியவைகூட இடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. 50 வயதைத் தாண்டிய, சிறப்புள்ள கட்டடங்களை 'பதிவு பெற்ற கலாசாரச் சொத்து' ஆக்கலாம். வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளே கடை வைக்கலாம், ஹோட்டல் நடத்தலாம். சொத்து வரியிலும் சலுகை உண்டு. கிதஹாமா ரெட்ரோவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால், ஒரு சிக்கல். இந்தப் பதிவு, கட்டடத்தை இடிப்பதைத் தடுக்காது. பதிவு பெற்ற பிறகும் காணாமல்போன கட்டடங்கள் ஜப்பானில் உண்டு. வருமானம் இருந்தால்தான் கூரை ஒழுகும்போது சரிசெய்ய முடியும். ஆக, நூறு வயதைத் தாண்டிய இந்தச் சுவர்களைத் தாங்கிப் பிடிப்பதில் வாடிக்கையாளர்கள் குடிக்கும் டீக்கும் பங்கு இருக்கிறது.

ஆற்றின் பக்கம் திரும்பிய நகரம்

ஒரு காலத்தில் ஒசாகாவின் சரக்குகள் எல்லாம் படகில்தான் போயின. பிறகு சாலைகள் வந்தன. புயல் வெள்ளத்துக்குப் பயந்து கரையில் உயரமான சுவர்கள் எழுந்தன. கட்டடங்கள் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றன. 2008-ல் கிதஹாமா கடைக்காரர்களும் கட்டட உரிமையாளர்களும் சேர்ந்து, ஆற்றை ஒட்டிப் பலகைத் தளம் அமைத்து, சோதனை முயற்சியாக நாற்காலி போட்டார்கள். அடுத்த ஆண்டு அது நிரந்தரமானது. இப்போது அக்கம்பக்கத்துக் கடைகள் பலவற்றில் தண்ணீருக்கு மேலேயே உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* கிதஹாமா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

* வார இறுதியில் வரிசை நீளும். வேலை நாளில் போவது நல்லது.

* முட்டை, ஜெலட்டின் சாப்பிடாதவர்கள் கேக் ஆர்டர் செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

* டீ முடிந்ததும் பக்கத்திலிருக்கும் நானிவா பாலத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1915 முதல் அங்கே கல் சிங்கங்கள் காவல் காக்கின்றன. குழந்தைகளுக்கு ரொம்பவே பிடிக்கும்!