ஊசி வேண்டாம், நூல் வேண்டாம்!

"குற்றாலத்தில் ஸீஸன் பிரமாதம்!" என்று யாராவது சொன்னால் நமக்கெல்லாம் அருவிதான் ஞாபகம் வரும். தென்காசியில் இருக்கும் என் அத்தைக்கோ நாற்காலி மெத்தைதான் ஞாபகம் வரும்!

காரணம் இல்லாமல் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலை அள்ளிக்கொண்டு வருகிறது. தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது; ஆனால் சாரலின் சுபாவம் மாறவில்லை. அருவிக்கு அது வரப்பிரசாதம். வீட்டுத் துணிமணிகளுக்கோ பெரிய சோதனை. கொடியில் போட்ட புடவை இரண்டு நாளானாலும் காயாது. மெத்தை உறையில் முடை நாற்றம் ஏறிவிடும்.

சென்ற ஸீஸனில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் மாமாவின் பிரம்பு நாற்காலி. மாமா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. காலையில் பத்திரிகை படிக்க அவர் அதில்தான் உட்காருவார். இப்போது மெத்தையின் உறை கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது.

"பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாம்" என்றார் அத்தான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பங்கரையில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஊசிக் காது தெரியமாட்டேங்கு, ஏட்டி. கண்ணு நல்லா இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

எத்தனையோ உறைகளைத் தைத்த கை அது!

"அத்தை, நீங்க சேலை கட்டறதுக்கு ஊசி வேணுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எதுக்குளா ஊசி?"

"மெத்தைக்கும் ஒரு சேலை கட்டிவிடுவோம்!"

வேடிக்கைப் பேச்சில்லை, சகோதரிகளே. மடிப்பும் சொருகலும் முடிச்சும் நமக்குக் கைவந்த கலைகள் அல்லவா? ஜப்பானியர்கள்கூட 'ஃபுரோஷிகி' என்ற சதுரத் துணியால் சாமான்களை அழகாகக் கட்டுகிறார்கள். அதே முறைதான் இது.

அத்தையின் மெத்தை பதினெட்டு அங்குலச் சதுரம், நாலு அங்குலக் கனம். துணி அதைப் போல் இரண்டரை மடங்கு வேண்டும். அதாவது 45 அங்குலச் சதுரம். பழைய நூல் புடவையின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே அளவு நீளத்தில் வெட்டினால் சதுரம் கிடைத்துவிடும். கனமான மெத்தையானால் துணி சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பட்டு வழுக்கும், முடிச்சு நிற்காது. சாயம் போகிற துணியும் வேண்டாம்; உட்காருகிறவர் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும்!

துவைத்துக் காய்ந்த துணியை, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். வெட்டிய ஓரங்களில் அரை அங்குலம் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். துணியின் மூலைகள் மெத்தையின் பக்கங்களைப் பார்க்கும்படி, மெத்தையைக் குறுக்காக நடுவில் வையுங்கள். எதிரெதிரான இரு மூலைகளை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, நுனிகளை உள்ளே சொருகுங்கள். மெத்தையின் நாலு முனைகளிலும் பிதுங்கும் துணியைப் பொட்டலம் மடிப்பதுபோல் நீவி மடியுங்கள். மிஞ்சிய இரு மூலைகளையும் நடுவில் இறுக்கி முடியுங்கள். முதலில் வலது நுனி இடதின் மேல். அடுத்து இடது நுனி வலதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு நழுவிவிடும். இனி மெத்தையைத் திருப்பிப் போடுங்கள். முடிச்சு அடியில் மறைந்துவிடும். அது மேடாக இருந்து மெத்தை ஆடினால், முடிச்சுக்குப் பதில் இரண்டு ஊக்குப் போதும்.

சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் மெத்தை பலகையோடு சேர்ந்திருக்கும். அதற்கு வேறு வழி. நாற்காலியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுங்கள். சுற்றிலும் நாலு விரற்கடை மிச்சமிருக்கும்படி துணியைப் போர்த்தி, அடியில் சிறு ஆணி அடியுங்கள். ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஆரம்பித்து மூலைக்குப் போக வேண்டும். மூலையில் ஆரம்பித்தால் துணி கோணிக்கொள்ளும்.

தைக்காத உறை சோம்பேறியின் உறை என்று நினைக்க வேண்டாம். இலவம் பஞ்சின் இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, எளிதில் நனையாது. அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளில் அதை அடைத்ததே இதனால்தான். ஈரத்தைக் குடிப்பது மேலே இருக்கும் பருத்தித் துணி. ஆகவே, சாரல் ஊரில் நினைத்தபோது அவிழ்த்துத் துவைக்கிற உறையே நல்ல உறை. வெயில் எட்டிப் பார்க்கும்போது மெத்தையையும் வெளியே போட்டுத் தட்டிவிட்டால் சரி.

அன்று சாயங்காலம் நான் மடித்துக் காட்ட, அத்தை முடிச்சுப் போட்டாள். மாமாவுக்குப் பிடித்த மாம்பழ நிறப் புடவை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், உறை அவிழ்ந்து கிடந்தது! எனக்குத் திக்கென்றது.

"நான்தான் அவுத்தேன். நீ ஊருக்குப் போன பிறகு எனக்கு வருமான்னு பாக்கணும்லா?" என்றாள் அத்தை.

கண்ணைத் துணியில் வைக்காமல், விரலால் தடவித் தடவி மடித்தாள். முடிச்சு என்னுடையதைவிட இறுக்கமாகவே விழுந்தது.

அத்தான் காபியோடு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். பழைய சாமான்காரன் பேச்சை எடுக்கவில்லை. பத்திரிகையை விரித்துக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.