முன்நிற்கும் ஜன்னலும் மனிதனின் கவனமும்

காலை முதல் மாலை வரை கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவிட்டோம் என்பதைத் தாமே அறிய விரும்பி, அதற்கென ஒரு நிரலை எழுத முற்படுவாரானால், ஆரம்பத்தில் அந்தக் காரியம் மிகச் சுலபமாகவே தோன்றும். திரையில் இப்போது முன்நிற்கும் ஜன்னல் எது என்று விண்டோஸைக் கேட்டால் அது ஓர் அடையாள எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கொண்டு செயலியின் பெயரையும் ஜன்னலின் தலைப்பையும் பெற்றுவிடலாம். விநாடிக்கு ஒரு முறை இவ்வாறு கேட்டுக் குறித்துவந்தால், இருபத்துநான்கு மணி நேரத்தில் 86,400 குறிப்புகள் சேரும். ஜன்னல் மாறும்போது மட்டும் தகவல் தரும்படி முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உண்டு. குறிப்புகள் வீணாகப் பெருகாதாகையால், அதுவே உசிதமான வழி.

ஆனால் முன்நிற்கும் ஜன்னல் ஒன்று, மனிதனின் கவனம் வேறொன்று. ஜன்னலைத் திறந்தபடியே விட்டு அவர் காபி குடிக்க எழுந்து போயிருக்கலாம். இதற்காக, விசையோ சுட்டியோ கடைசியாக எப்போது தொடப்பட்டது என்பதையும் விண்டோஸிடம் கேட்கிறோம். அது தரும் விடை, கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணப்படும் மில்லி விநாடிக் கணக்கு. 32 பிட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், சுமார் 49.7 நாட்களுக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதை மறந்து 64 பிட் கடிகாரத்திலிருந்து கழித்தால், ஐம்பதாம் நாள் விபரீதமான எண் கிடைக்கும்.

அந்தப் பிழையைத் திருத்துவது எளிது. திருத்த முடியாதது இன்னொன்று. ஐந்து நிமிஷம் விசை தொடப்படாவிட்டால் ஆள் இல்லை என்று முடிவுகட்டி, அந்த ஐந்து நிமிஷத்தையும் பின்னோக்கிக் கழித்துவிடுகிறோம். நீண்டதொரு தீர்ப்பைக் கையசையாமல் படித்துக்கொண்டிருக்கும் வழக்கறிஞரும், ஒரு சூத்திரத்தை மனத்துக்குள் சரிபார்க்கும் கணித ஆசிரியரும் அந்தக் கணக்கில் இல்லாதவர்களே. கை அசைவதுதான் வேலை என்று சொல்லும் கணக்கை மேலதிகாரியின் மேசைக்கு அனுப்பி, அதைக் கொண்டு ஒருவரின் உழைப்பை மதிப்பிடுவது, எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

ஜன்னலின் தலைப்போ அதைவிட அந்தரங்கமானது. கடிதத்தின் பொருள், கோப்பின் பெயர், நள்ளிரவில் தேடிப் படித்த வியாதியின் பெயர் யாவும் அதில் இருக்கும். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் திரையை நடத்தும் எக்ஸ் ஜன்னல் முறையின், 1987-இல் வந்த 11-ஆம் பதிப்பில், ஒரு செயலி மற்றவற்றின் ஜன்னல்களை மட்டுமல்ல, அவற்றில் தட்டப்படும் விசைகளைக்கூட அறிய இடமிருந்தது. அதற்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் 2008-இல் தொடங்கிய வேலாண்ட் என்னும் முறையோ, ஒரு செயலியின் பார்வையிலிருந்து மற்றொன்றை மறைத்துவிடுகிறது. ஆகவே அங்கே இத்தகைய நிரல், திரையை நிர்வகிக்கும் மென்பொருளின் அனுமதியைப் பெற்றே நடக்கவேண்டும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-வும், பயன்பாட்டு விவரங்களைப் பெற விரும்பும் செயலிக்கு, உரியவர் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று தாமாகவே சம்மதம் தரவேண்டும் என்று விதித்தது. நிரல் எழுதுவோருக்கு இவை சிரமமே. ஆயினும் இருக்கவேண்டிய தடைகள் என்பதே என் அபிப்பிராயம்.

ஆக்டிவிட்டிவாட்ச் என்னும் திறமூல மென்பொருள், ஜன்னலைக் கவனிக்க ஒரு பகுதியும் ஆள் இருப்பதைக் கவனிக்க வேறொரு பகுதியுமாகப் பிரிந்து இயங்கி, சேரும் விவரங்களை அந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. புதிதாக எழுதுவோர் அந்த வழியைப் பின்பற்றுவதோடு, தலைப்பை விடுத்துச் செயலியின் பெயரை மட்டும் பதிவதும், வேண்டியபோது பதிவை நிறுத்திவைக்க ஒரு பொத்தானைக் கண்ணில் படும்படி வைப்பதும் நலம். இடைவெளிக்குப் பின் கை மீண்டும் விசையைத் தொடும்போது, இதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நிரல் கேட்கட்டும். அவர் ‘படித்துக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினால், கழித்த நிமிஷங்களை அவர் கணக்கிலேயே திரும்பச் சேர்க்கட்டும்.